முந்நூறு சொல்லில் இடமில்லை

கொலம்பஸ், ஒஹாயோ
2 ஜூன் 2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை கோமுட்டர் ரயிலில் இன்னும் நின்றுகொண்டுதான் வேலைக்குப் போகிறீர்களா?

போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். பிறகு மூன்று பேரும் மழையைப் பற்றியே பேசிவிட்டு வைத்துவிடுகிறோம். அதனால்தான் மின்னஞ்சலில் கடிதமாகவே எழுதுகிறேன். ஆறாம் ஆண்டோடு தமிழ்ப்பள்ளியை விட்டு இங்கே வந்தவள் நான். பிழை இருந்தால் சிரிக்காதீர்கள்.

பல் மருத்துவப் படிப்புக்கு இந்த வருடம் மறுபடியும் விண்ணப்பிக்கிறேன். போன வருடம் பதினோரு பள்ளிகள். பதினொன்றும் இல்லை என்றன. ஏன் என்று உங்களிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. இங்கே பொது விண்ணப்பம் போன பிறகு ஒவ்வொரு பள்ளியும் தனித்தனியாகத் துணைக் கட்டுரைகள் கேட்கும். எங்கள் பள்ளிக்கு ஏன் வர விரும்புகிறாய், உன்னை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்தது யார், இப்படி. நான் ஒரே கட்டுரையை வெட்டி ஒட்டி எல்லாருக்கும் அனுப்பினேன். மூன்று பள்ளிகளுக்கு வேறு பள்ளியின் பெயரோடேயே போய்விட்டது.

மதிப்பெண் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், துணைக் கட்டுரையில்தான் ஆள் தெரியும் என்று எங்கள் கல்லூரி ஆலோசகர் சொல்கிறார். இதுதான் கடைசித் தடவை. இதுவும் இல்லையென்றால் தான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் நர்சிங் சேர்ந்துவிட வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். எனக்கு வேறு எந்த வேலையும் வேண்டாம், பெரியம்மா.

சின்ன வயதில் எனக்குப் பல் பிடுங்கிய நாளைப் பற்றி எழுதலாம் என்று இருக்கிறேன். வீங்கிய கன்னமும் ஒரு பச்சை நாற்காலியும்தான் ஞாபகத்தில் இருக்கின்றன. நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதுவீர்களா?

அன்பு மகள்,
வாணி

---

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
5 ஜூன் 2024

அன்புள்ள வாணிக்கு,

பெரியம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். முட்டி அது பாட்டுக்கு இருக்கிறது. நீ காலையில் பசியாறிவிட்டுத்தான் படிக்க உட்காருகிறாயா? வெறும் காப்பியோடு உட்காருவாய், எனக்குத் தெரியும்.

பள்ளிக்கூடத்தின் பெயரையே மாற்றி அனுப்பினாயா? கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை மாற்றி அச்சடித்தது போலல்லவா இருக்கிறது. இனிமேல் அனுப்புவதற்கு முன் ஒரு தடவை வாய்விட்டுப் படி.

அந்த நாளைக் கேட்டாய். நீ கேட்க மாட்டாயா என்று நான் இருந்தேன். 2007, சீனப் புத்தாண்டுப் பெருநாளின் இரண்டாவது நாள். உனக்கு ஆறு வயது நடந்துகொண்டிருந்தது. உன் அப்பா விட்டுப் போன பிறகு உன் அம்மா லோகா ரியாத்துக்கு நர்ஸ் வேலைக்குப் போய் நான்கு வருஷம் ஆகியிருந்தது. நீயும் நானும் காப்பாரில் வாடகை வீட்டில் இருந்தோம். விடியற்காலையில் நீ என் பாய் அருகே வந்து நின்றாய். இடது கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது. தொட்டால் கொதித்தது.

பக்கத்து வீட்டு வீரம்மா மோட்டார் சைக்கிளில் நம் இருவரையும் ஏற்றிக்கொண்டு கிள்ளானுக்கு வந்தாள். ஐந்து பல் கிளினிக்குகள் பார்த்தோம். பெருநாளுக்கு ஐந்திலும் ஷட்டர் இறங்கியிருந்தது. பிரிக்பீல்ட்சில் ஒரு தமிழ் டாக்டர் பெருநாளிலும் திறந்து வைத்திருப்பார் என்று ஒரு மருந்துக்கடைக்காரர் சொன்னார். ரயில் ஏறினோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீ என் மடியில் படுத்திருந்தாய். அழவே இல்லை. அழுதால் வாயைத் திறக்க வேண்டுமே என்று அழவில்லை என்று அப்புறம் சொன்னாய். அந்த வயதிலேயே உனக்கு அவ்வளவு புத்தி.

டாக்டர் திருச்செல்வத்தின் உதவியாளர் சீனப் பெண். அவளும் பெருநாள் விடுமுறையில் இருந்தாள். நாற்காலி விளக்கின் ஸ்பிரிங் போயிருந்தது. நிமிர்த்தி வைத்தால் உடனே தொங்கிவிடும். அவர் என்னைப் பார்த்து, "அம்மா, வெளக்கப் பிடிப்பீங்களா?" என்று கேட்டார். ஒரு கையில் விளக்கு, மறு கையில் உன் தாடை. ஊசியைப் பார்த்ததும் நீ கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாய்.

"கண்ண மூடாத கண்ணு. என்னையப் பாரு. நான் எங்கயும் போகல" என்றேன்.

பல் வெளியே வரும்வரை நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். என்னைப் பெற்றவர்கள்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

எல்லாம் முடிந்ததும், கை நடுங்கவே இல்லையே, இங்கே வேலைக்கு வருகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். அதுவரை நான் கையுறைத் தொழிற்சாலையில் இருந்தவள். அடுத்த திங்கட்கிழமையே இங்கே சேர்ந்தேன். பதினேழு வருஷம் ஓடிவிட்டது. அந்தச் சொத்தைப் பல் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது என்பதையும் எழுது, படிப்பவர்கள் சிரிக்கட்டும்.

கடைசி நோயாளி போய்விட்டார். டாக்டர் கிளினிக்கைப் பூட்ட நிற்கிறார். கட்டுரை முடிந்ததும் எனக்கு அனுப்பு.

பெரியம்மா,
குமுதா

---

பிரிக்பீல்ட்ஸ்
30 ஜூன் 2024

அன்புள்ள வாணிக்கு,

நலமாக இருக்கிறாயா? மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஒரு வரி இல்லை. வேலை அதிகமாக இருக்கும். நான் தொந்தரவு செய்வதாக நினைக்காதே.

கட்டுரை என்ன ஆயிற்று? ஆங்கிலத்தில் இருந்தால் பெரியம்மாவுக்குப் புரியாது என்று நினைத்தாயோ? படிவம் ஐந்துப் பள்ளிப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். நான் அமெரிக்கக் கட்டுரையில் வரப்போகிறேன் என்று டாக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தினமும் கேட்கிறார்.

பெரியம்மா

---

கொலம்பஸ்
19 ஜூலை 2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

மன்னித்துவிடுங்கள். நானும் அம்மாவும் நலம்தான். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டுரையை இத்துடன் இணைத்திருக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த பள்ளிக்கானது இது. ஒரு பெரிய ஏரிக்கரையில் இருப்பதால் நானும் அம்மாவும் ஏரிப் பள்ளி என்றே சொல்கிறோம். முந்நூறு சொற்களைத் தாண்டினால் இணையப் படிவமே வாங்கிக்கொள்ளாது. ஒன்பது முறை மாற்றி எழுதினேன். சில இடங்களைச் சுருக்க வேண்டியிருந்தது. படித்துவிட்டு உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள்.

வேறு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

வாணி

---

பிரிக்பீல்ட்ஸ்
22 ஜூலை 2024

அன்புள்ள வாணிக்கு,

நலம். அங்கேயும் நலமாக இருக்க வேண்டும். கட்டுரையைப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். ஆங்கிலம் அழகாக வருகிறது உனக்கு. டாக்டருக்குக் காட்டவில்லை. அவருக்கு இப்போது கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது.

சில திருத்தங்கள். வலது கன்னம் என்று எழுதியிருக்கிறாய், இடது. வெளியே கொட்டும் மழை என்று எழுதியிருக்கிறாய். மழை இல்லை, நல்ல வெயில். உனக்கு மழை வேண்டுமென்றால் இருக்கட்டும். மங்கலான விளக்கு, உடைந்த நாற்காலி, ஏழைகளின் கிளினிக் என்றெல்லாம் வருகிறது. விளக்கு மங்கலே இல்லை, கண் கூசும். ஸ்பிரிங்தான் போயிருந்தது. நாற்காலி அப்போது வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. டாக்டர் மருந்துத் தட்டை எவ்வளவு சுத்தமாக வைத்திருப்பார் என்று உனக்குத் தெரியும்.

இன்னொன்று. "என் அம்மா ஒரு கையால் விளக்கையும் மறு கையால் என் தாடையையும் பிடித்துக்கொண்டார்" என்று வரும் இடத்துக்கு மேலே 2007 என்று வருஷம் போட்டிருக்கிறாய். அதை எடுத்துவிடு. லோகா அப்போது ரியாத்தில் இருந்தாள். வேறு ஏதாவது படிவத்தில் அவள் வேலை பார்த்த வருஷங்கள் இருந்தால், யாராவது சேர்த்துப் பார்த்து உன்னைப் பொய்க்காரி என்று சொல்லிவிடக் கூடாது. என் சிறுவயதில் என்று மட்டும் போடு. போதும்.

பல் பிடுங்கிய பின் அம்மாவுக்கு அங்கே வேலை கிடைத்ததாக எழுதாமல் விட்டது நல்லது. அது பொருந்தாது.

இன்றைக்கு டாக்டருக்கு இரண்டு ரூட் கெனால் இருக்கிறது. நான் போய்க் கருவிகளைக் கொதிக்க வைக்க வேண்டும்.

பெரியம்மா

---

கொலம்பஸ்
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே எனக்கு வாய் வரவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

நீங்கள் திட்டியிருந்தால் பரவாயில்லை. இடது, வலது என்று திருத்திக் கொடுத்திருக்கிறீர்கள்.

முதலில் நான் உங்களைத்தான் எழுதினேன். சத்தியமாக. ஆலோசகர் படித்துவிட்டு ஓரத்தில் கேள்விகளாக எழுதினார். இந்தப் பெரியம்மா யார்? அம்மா எங்கே? ஏன் விட்டுவிட்டுப் போனார்? அப்பா? பெற்றோர் உயிரோடு இருக்கும்போது ஒரு குழந்தை பெரியம்மாவிடம் ஏன் வளர்கிறது? எங்கள் வீடுகளில் அது பெரிய விஷயமே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் அதை எழுது என்றார். எழுதினேன். நூற்று நாற்பது சொல் போய்விட்டது. நாம் ரயில் ஏறும்போதே கட்டுரை முடிந்துவிட்டது. ஒரு கட்டுரையை நான்கு நிமிடத்தில் படிப்பார்கள், தனியாளாக மகளை வளர்த்த தாய் என்றால் ஒரே சொல்லில் புரிந்துவிடும் என்றார் அவர். அதன் பிறகு அம்மா என்று மாற்றிப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியாக உட்கார்ந்துவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அம்மாவுக்குக் காட்டினேன். கடைசி வரி வரை படித்தார்.

"அக்கா இதப் படிச்சாளா?" என்று கேட்டார்.

படித்தாகிவிட்டது என்றேன். என்ன சொன்னாள் என்று கேட்டார். விளக்கு மங்கல் இல்லை என்று சொன்னார்கள் என்றேன். அம்மா எழுந்து போய், கழுவி வைத்த பாத்திரங்களையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

அனுப்ப இன்னும் மூன்று நாள் இருக்கிறது. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் உங்களையே திரும்ப எழுதிவிடுகிறேன். எப்படி வந்தாலும் வரட்டும். சொல்லுங்கள் பெரியம்மா.

வாணி

---

பிரிக்பீல்ட்ஸ்
12 ஆகஸ்ட் 2024

அன்புள்ள வாணிக்கு,

உன் கடிதம் காலையில் வந்தது. உடனே எழுதுகிறேன்.

ஒன்றையும் மாற்றாதே. உன் ஆலோசகர் சொன்னதுதான் சரி. நான்கு நிமிடம் படிப்பவனுக்கு நம் வீட்டுக் கதை எதற்கு? போன வருஷம் நடந்தது போதும். உனக்கு இடம் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். கட்டுரை என்பது ஒரு சாவி. கதவு திறந்தால் சரி, சாவியில் யார் பெயர் இருந்தால் என்ன?

லோகாவும் சும்மா இருந்துவிடவில்லை. அந்த வெயிலில், அந்த ஊரில், முகம் தெரியாதவர்களின் புண்ணைக் கழுவினாள். அவள்தான் உன்னைப் பெற்றவள். விளக்கை அவள் பிடித்ததாக இருக்கட்டும். அவளிடம் நான் வருத்தப்படவில்லை என்று சொல்.

அனுப்புவதற்கு முன் பள்ளியின் பெயரைச் சரிபார். வேளாவேளைக்குச் சாப்பிடு.

பெரியம்மா

---

கொலம்பஸ்
20 அக்டோபர் 2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நலமா? தீபாவளி வருகிறது. இந்த வருடம் யார் வீட்டுக்குப் போகிறீர்கள்? இங்கே குளிர் தொடங்கிவிட்டது.

ஏரிப் பள்ளியில் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். நேற்று முன்தினம் போய் வந்தேன். அம்மா விடுப்பு எடுத்துக்கொண்டு காரோட்டி வந்தார். நான் உள்ளே இருந்த மூன்று மணி நேரமும் கார் நிறுத்துமிடத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

என்னிடம் பேசிய பேராசிரியை என் கட்டுரையை அச்செடுத்து வைத்திருந்தார். பல வரிகளுக்கு அடிக்கோடு போட்டிருந்தார். நூற்றுக்கணக்கான கட்டுரை படித்தேன், இந்த ஒன்று கண்ணை விட்டுப் போகவில்லை என்றார். பிறகு, அந்தச் சமயத்தில் உன் அம்மா உன்னிடம் என்ன சொன்னார், நினைவிருக்கிறதா என்று கேட்டார்.

அம்மா அந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன். கண்ண மூடாத, என்னையப் பாரு, நான் எங்கயும் போகல என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். பேராசிரியை பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நல்ல பல் மருத்துவர் நோயாளியிடம் சொல்ல வேண்டியதெல்லாம் இதில் இருக்கிறது என்றார்.

நன்றாகப் போனது என்றுதான் நினைக்கிறேன். திரும்பி வரும்போது என்ன கேட்டார்கள் என்று அம்மா கேட்டார். பொதுவாகத்தான் கேட்டார்கள் என்றேன்.

தீபாவளிக்கு முறுக்கு சுடுவீர்களா? எனக்கும் சேர்த்துச் சாப்பிடுங்கள்.

வாணி

---

கொலம்பஸ்
17 டிசம்பர் 2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நான் எழுதி இரண்டு மாதம் ஆகிறது, உங்களிடமிருந்து பதில் இல்லை. வாட்சாப்பில் தினமும் பூ வைத்த காலை வணக்கப் படம் மட்டும் வருகிறது. அது வருவதால்தான் நீங்கள் நலம் என்று தெரிந்துகொள்கிறேன்.

பெரியம்மா, ஏரிப் பள்ளியில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது. நேற்று சொன்னார்கள். அம்மா சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதார்.

உங்கள் குரலில் கேட்க வேண்டும் என்று கிளினிக்குக்குப் போன் செய்தேன். அந்த எண் பயன்பாட்டில் இல்லை என்று மலாயில் பதிவுக் குரல் வருகிறது. நான்கு தடவை போட்டுப் பார்த்தேன். உங்கள் கைபேசிக்கும் அடித்தேன், நீங்கள் எடுக்கவில்லை. அப்புறம் ஒரு ரோஜாப்பூப் படம் வந்தது.

கிளினிக்குக்கு என்ன ஆயிற்று? எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை?

வாணி

---

கிள்ளான்
19 டிசம்பர் 2024

அன்புள்ள வாணிக்கு,

வாழ்த்துகள் என் தங்கமே. வீரம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். காப்பாரில் பாதிப் பேருக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். உனக்குப் பல் டாக்டர் என்று எழுதியிருக்கிறது, அதை யாராலும் மாற்ற முடியாது.

கைபேசியில் தட்டுவதால் எழுத்துப் பிழை வரும். பொறுத்துக்கொள். கிளினிக்கை அக்டோபர் இருபத்தைந்தாம் தேதி மூடிவிட்டோம். டாக்டருக்குக் கண் சரியில்லை. பெர்த்தில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். ஜூன் மாதமே எனக்குத் தெரியும். உனக்குக் கட்டுரை நேரம், அப்புறம் நேர்முகத் தேர்வு. இதை எதற்கு இடையில் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன். கணினியும் கிளினிக்கோடு போய்விட்டது. அதனால்தான் எழுதவில்லை.

முதல் வாரம் பழக்கத்தில் காலையில் ரயில் ஏறிவிட்டேன். சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி, கிளினிக் இருந்த வரிசை வரைக்கும் நடந்து, டீக்கடையில் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவந்தேன். மறுநாளும் போனேன். அப்புறம் போகவில்லை. வேறு கிளினிக்கில் கேட்டுப் பார்த்தேன். ஐம்பத்தாறு வயது என்றதும் சிரித்தபடி போன் நம்பர் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

தீபாவளிக்கு முறுக்கு சுடவில்லை. ஓர் ஆளுக்கு எதற்கு அவ்வளவு எண்ணெய்? அன்றைக்கு வீட்டுக்கு யாரும் வரவில்லை. நானும் யாரையும் கூப்பிடவில்லை.

உன் அம்மா இனிமேலாவது நிம்மதியாகத் தூங்கட்டும். நீயும் தூங்கு.

பெரியம்மா

---

கொலம்பஸ்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? பகலில் என்ன செய்கிறீர்கள்? சாப்பாட்டை ஒருவேளையோடு நிறுத்திக்கொள்ளவில்லையே?

உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை எழுதுகிறேன். எழுதிவிட்டு அழித்து, மறுபடி எழுதுகிறேன்.

ஆகஸ்டில் அம்மா பாத்திரம் கழுவினார் என்று சொன்னேன் அல்லவா? கழுவி முடித்து வந்து ஒன்று சொன்னார். அதை அப்போது உங்களுக்கு எழுதவில்லை.

"எனக்கு எல்லாத்தயும் குடுத்துட்ட. ஒரு எடத்துலயாவது அக்காவ எழுதுடி" என்றார்.

வடக்கே வேறொரு பள்ளி இருக்கிறது. அங்கே கடைசிக் கேள்வி இப்படி இருந்தது: நாங்கள் கேட்காமல் விட்டது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். அதற்கும் முந்நூறு சொல்தான். செப்டம்பரில் அதற்கு உங்களைப் பற்றி எழுதினேன். பெயரோடு. விளக்கையும் ரயிலையும் எழுதினேன். எனக்குப் பன்னிரண்டு வயதானபோது, விமான நிலையத்தில் என் தலையைப் பின்னி முடித்துவிட்டுப் பின்னலை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றீர்களே, அதையும் எழுதினேன். ஆலோசகர் படித்துவிட்டு இது கட்டுரையாகவே இல்லை, ஆட்கள் அதிகம், பல் மருத்துவம் எங்கே என்றார். ஒரு சொல்லையும் மாற்றாமல் அனுப்பினேன்.

போன வாரம் பதில் வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நேர்முகத் தேர்வுக்குக்கூடக் கூப்பிடவில்லை.

பொய்யாக எழுதியதற்கு இடம் கிடைத்தது. உங்களை எழுதியதற்கு ஒன்றும் இல்லை. ஆகஸ்டில் ஏரிப் பள்ளிக்குப் போகத்தான் போகிறேன். வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. என்னை மன்னிக்க முடியுமா?

வாணி

---

கிள்ளான்
10 பிப்ரவரி 2025

அன்புள்ள வாணிக்கு,

சாப்பிடுகிறேன். இரண்டு வேளை. பகலில் வீட்டைக் கூட்டுகிறேன். கூட்டியதையே மறுபடியும் கூட்டுகிறேன். உன் அம்மாவுக்கும் எனக்கும் ஒரே புத்திதான்.

நீ உள்ளதைச் சொன்னாய். நானும் சொல்லிவிடுகிறேன். ஜூலையில் நீ அனுப்பியதைப் படித்ததும் கருவி கழுவும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். டாக்டர் கேட்டதற்குக் கண்ணில் மருந்து தெறித்துவிட்டது என்றேன். அவர் பாவம், என் கண்ணைப் பிடித்துக் கழுவிவிட்டார். மாற்றாதே என்று உனக்கு எழுதினேன் அல்லவா, அதை மனசாரத்தான் எழுதினேன். அப்போதும் வலித்தது.

அக்டோபரிலிருந்து நான் எழுதாததற்குக் கணினி காரணமில்லை. கைபேசி கையிலேயேதான் இருந்தது. விளக்கைக் கொடுத்தேன், ரயிலைக் கொடுத்தேன். நான் எங்கயும் போகல என்ற அந்த ஒரு வார்த்தையையும் அவளுக்கே எடுத்துக் கொடுத்துவிட்டாயே என்று எனக்குக் கோபம். கோபத்தில் பூப்படம் அனுப்பிக்கொண்டிருந்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஏரிப் பள்ளிக்குப் போ. வெட்கப்பட்டுக்கொண்டே போனாலும் போ. படித்து முடித்து நல்ல டாக்டராக இரு. லோகாவிடம் நான் அழுததைச் சொல்லாதே. அவள் சொன்னதை நீ எழுதினாய், அதை நான் படித்தேன் என்று மட்டும் சொல். அவளே ஒருநாள் எனக்குப் போன் செய்யட்டும், ஸ்பீக்கரில் போடாமல்.

அந்த வடக்குப் பள்ளிக்காரர்களைப் பற்றி விடு. அவர்களுக்கு என்னைத் தெரியாது. அவர்கள் வேண்டாம் என்ற கட்டுரை உன்னிடம் இருக்கும் அல்லவா? அதை எனக்கு அனுப்பு. தமிழில் மாற்ற வேண்டாம், அப்படியே அனுப்பு. நான்கு நிமிடமெல்லாம் இல்லை, எனக்கு நாள் முழுக்க நேரம் இருக்கிறது.

உன்
பெரியம்மா